வேலூர் மொட்டை மாடியிலிருந்து அயனி மண்டலம்: எந்த ரேடியோ கருவி நமக்குப் பொருந்தும்?

ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கிடைத்திருக்கிறது. மொட்டை மாடி இருக்கிறது, ஆர்வமுள்ள நான்கைந்து மாணவர்களும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடம் வேலூர். இரவில் தலைக்கு மேல் 300, 400 கிலோமீட்டர் உயரத்தில், மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கான அயனி மண்டலம் கலங்குவதை ரேடியோ அலைகளை வைத்து ஆராய வேண்டும். எதை வாங்குவது? அலைகளை மேலே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அயனோசோண்டா, 250 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரா, ஜிபிஎஸ் வகை ரிசீவரா, மிகக் குறைந்த அதிர்வெண்ணுக்கான விஎல்எஃப் லூப் ஆண்டெனாவா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த ஒரே கருவியை வேலூரில் வைப்பதைவிட, திருப்பத்தூர், வேலூர், அரக்கோணம் ஆகிய மூன்று ஊர்களில் மலிவான இரட்டை அதிர்வெண் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற வழிகாட்டும் செயற்கைக்கோள்) ரிசீவர்களை வைப்பதுதான் நமக்கு நல்லது. காரணம் புரிய, மேலே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. ராக்கெட் ஏவ விக்ரம் சாராபாய் தும்பா என்ற மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. வேலூர் அந்தக் கோட்டுக்கு வடக்கே, காந்த அட்சரேகைக் கணக்கில் ஏறக்குறைய 6, 7 டிகிரி தள்ளி இருக்கிறது.

சூரியன் மறைந்ததும் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஈ அடுக்கில் எலக்ட்ரான்கள் மளமளவென்று குறைந்துவிடும். அதற்கு மேலே உள்ள எஃப் அடுக்கு அப்படிக் கரையாது. அதே நேரத்தில் காந்த நடுக்கோட்டுப் பகுதியில் ஒரு மின்புலம் சிறிது நேரத்துக்கு வலுத்து எஃப் அடுக்கை இன்னும் மேலே தூக்கும். அடர்த்தியான பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களின் கூட்டம், மேலே; ஏறக்குறைய வெற்றிடம் கீழே. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை நிறுத்திவைத்த நிலை அது. சிறு அசைவு போதும், கீழே இருக்கும் லேசான பகுதி குமிழியாக மேலே கிளம்பிவிடும். இதை ரேலி–டெய்லர் நிலையின்மை என்கிறார்கள். கிளம்பும் குமிழி காந்தக் கோடுகளை ஒட்டி வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, முன்னிரவில் நொடிக்கு 100 மீட்டரை ஒட்டிய வேகத்தில் கிழக்கு நோக்கி நகரும். நள்ளிரவு தாண்டினால் வேகம் குறையும். இந்தக் கிழக்கு நகர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

நேரக் கணக்கும் முக்கியம். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, வேலூர் 79.1 டிகிரியில் இருக்கிறது. அதனால் நம் சூரிய நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 13 நிமிடம் பின்தங்கும். சம இரவு நாட்களை ஒட்டி வேலூரில் தரையில் 6:10-க்கும் 6:25-க்கும் இடையே சூரியன் மறைகிறது. 105 கிலோமீட்டர் உயரத்தில் மறைய இன்னும் 40 நிமிடம் ஆகும், 350 கிலோமீட்டரில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆக, இரவு ஏழரை மணியிலிருந்து கருவி விழித்திருக்க வேண்டும். நம் பகுதியில் குமிழிகள் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில்தான் அதிகம். இந்தியத் தீர்க்கரேகைகளில் காந்த வடக்கும் புவி வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், அந்த மாதங்களில் பகலையும் இரவையும் பிரிக்கும் அந்திக்கோடு காந்தக் கோடுகளோடு ஒத்துப்போகிறது. காந்தக் கோட்டின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இருட்டுவதால் குமிழிக்கு வாய்ப்பு கூடுகிறது.

வேலூருக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. குமிழி காந்தக் கோட்டோடு சாய்வதால், நடுக்கோட்டுக்கு மேல் அது எவ்வளவு உயரம் ஏறியதோ அந்த அளவுக்குத்தான் வடக்கே எட்டும். நம் தலைக்கு மேல் 350 கிலோமீட்டரில் அது தெரிய, நடுக்கோட்டில் 420, 450 கிலோமீட்டர் ஏறினால் போதும். அகமதாபாத் போன்ற இடத்தில் தெரிய 800 கிலோமீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். வளராமல் பாதியில் நின்றுபோகும் குமிழிகளும் நமக்குத் தெரியும் என்று அர்த்தம்.

இது வெறும் ஆர்வத்துக்கான விஷயமும் இல்லை. குமிழிக்குள் புகுந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை மினுக்கும், சில நேரம் அறுந்தும் போகும். ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் கூட்டும் இந்தியாவின் காகன் அமைப்பை நம்பி 2022 ஏப்ரலில் கிஷன்கட் விமான நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் இறங்கிக் காட்டியது. அப்படி இரவிலும் நம்பி இறங்க வேண்டுமானால், தென்னிந்திய வானத்தில் குமிழிகள் எங்கே, எப்போது, எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று தெரிந்தாக வேண்டும்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

எதையும் வாங்காமலே தொடங்க ஒரு வழி இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவையின் நிலையம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. 30 நொடிக்கு ஒரு பதிவு வீதம் அதன் தரவு இலவசமாகக் கிடைக்கும். ஜிபிஎஸ்ஸின் இரண்டு அதிர்வெண்களுக்கு, 1575.42 மற்றும் 1227.60 மெகாஹெர்ட்ஸுக்கு, இடையே உள்ள தாமத வேறுபாட்டிலிருந்து வழியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிடலாம். அது நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு துள்ளுகிறது என்பதை ரோட்டி என்ற குறியீடாகச் சொல்வார்கள். சாதாரண மடிக்கணினி போதும். கருவிக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் மாணவர்கள் இதை ஒரு பருவம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குமிழி தரவில் எப்படித் தெரியும் என்று கண் பழகாமல் ஆண்டெனா நட்டால், பிறகு எது குமிழி, எது கோளாறு என்றே தெரியாது. 30 நொடிப் பதிவில் சில கிலோமீட்டர் அளவுள்ள கட்டமைப்புகள்தான் தெரியும் என்பது மட்டுமே இதன் குறை.

அயனோசோண்டுக்குப் பழைய பெருமை உண்டு. 1938-ல் பெருவின் உவான்காயோ நிலையத்தில் புக்கரும் வெல்ஸும் எஃப் அடுக்கின் எதிரொலி இரவில் கலைந்து பரவுவதை முதலில் விவரித்தது இந்த வகைக் கருவியில்தான். அதனால்தான் இன்றும் இதற்கு ஸ்ப்ரெட் எஃப் என்று பெயர். கொடைக்கானலிலும் பல பத்தாண்டுகள் ஓர் அயனோசோண்ட் ஓடியது. ஒரு மெகாஹெர்ட்ஸிலிருந்து இருபதுக்கும் மேல் வரை துடிப்புகளை மேலே அனுப்பி, எது எந்த உயரத்திலிருந்து திரும்புகிறது என்று பார்க்கும். கன மீட்டருக்குப் பத்தாயிரம் கோடியின் பத்து மடங்கு, அதாவது ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் எலக்ட்ரான் இருந்தால், 9 மெகாஹெர்ட்ஸ் வரை திரும்பி வரும். மற்ற எந்தக் கருவியும் தராத ஒன்றை இது தரும்: குமிழி பிறப்பதற்கு முன் எஃப் அடுக்கு எவ்வளவு உயரம் தூக்கப்பட்டது என்ற கணக்கு. காரணத்தை அளக்கும் கருவி இது. மற்றவை விளைவைத்தான் அளக்கின்றன. அந்த மரியாதையோடுதான் இதை வேண்டாம் என்கிறேன். இது அலைகளை அனுப்பும் கருவி. அதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும், உயரமான கம்பமும் அகலமான ஆண்டெனாவும் வேண்டும். விலையும் நம் தொகைக்குள் வராது.

ராடார் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூருக்கு வடக்கே 60, 65 கிலோமீட்டரில், திருப்பதி அருகே காடங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரை இயக்குகிறது. அதன் அலைநீளத்தில் பாதி, ஏறக்குறைய 3 மீட்டர், அளவுள்ள நுண்ணிய ஒழுங்கின்மைகளை அது பார்க்கும். பிற்பாடு அயனி மண்டலத்துக்கென்றே 30 மெகாஹெர்ட்ஸ் ராடார் ஒன்றையும் அங்கே அமைத்தார்கள். நாம் எதைச் செய்தாலும் காடங்கி செய்வதையே சின்னதாகச் செய்யாமல், அதற்குப் பக்கத்தில் நின்று உதவுவதாக இருக்க வேண்டும்.

விஎல்எஃப் கருவிதான் எல்லாவற்றிலும் மலிவு. மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய லூப் ஆண்டெனா, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், கணினியின் ஒலி அட்டை, அவ்வளவுதான். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. நமக்கு 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சூரியனில் ஒளிவீச்சு வெடித்தால் அந்தச் சமிக்ஞையின் வலிமை சில நிமிடங்களில் மாறும். ஆனால் அது காட்டுவது 70 கிலோமீட்டர் உயரத்து டி அடுக்கை. இரவுக் குமிழிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்துக்கு அருமையான கருவி. பகலிலேயே, மாணவர்கள் இருக்கும்போதே முடிவு தெரியும். நம் கேள்விக்கு இது விடை தராது. அதோடு ஊருக்குள் மின்கம்பிகளின் இரைச்சல் இதைத்தான் முதலில் பாதிக்கும்.

உண்மையான போட்டி 250 மெகாஹெர்ட்ஸுக்கும் ஜிஎன்எஸ்எஸ்ஸுக்கும் இடையேதான்.

தமிழ்நாட்டில் இந்த வகை ஆய்வுக்கு நல்ல முன்னோடி உண்டு. 1975–76-ல் சைட் தொலைக்காட்சித் திட்டத்துக்காக ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் இந்தியாவுக்குத் தெரியும்படி நகர்த்தி நிறுத்தப்பட்டபோது, அதன் 40, 140, 360 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞைகளை ஊட்டியில் பிடித்து எலக்ட்ரான் எண்ணிக்கையையும் மினுக்கத்தையும் அளந்தார்கள். பிறகு பல இந்திய நிலையங்கள் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் 73 டிகிரி கிழக்கில் நின்ற அமெரிக்கத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் 250 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையை வைத்து ஆண்டுக்கணக்கில் மினுக்கத்தைப் பதிவு செய்தன.

250 மெகாஹெர்ட்ஸின் பலம் அதன் உணர்திறன். மினுக்கம் லேசாக இருக்கும்வரை, அதன் அளவான எஸ்4 அதிர்வெண்ணின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். 1575 மெகாஹெர்ட்ஸைவிட 250-ல் அது ஏறக்குறைய 16 மடங்கு. ஜிபிஎஸ்ஸில் எஸ்4 0.05 என்றால் இரைச்சலில் மூழ்கிப்போகும். அதே குமிழி 250-ல் 0.8 என்று துள்ளிக் காட்டும். நம் இடத்துக்கு இது மிகவும் பொருந்துகிற வாதம். ஜிபிஎஸ் அதிர்வெண்ணில் கடுமையான மினுக்கம் வருவது எலக்ட்ரான் அடர்த்தி உச்சத்தில் இருக்கும், காந்த நடுக்கோட்டிலிருந்து 15 டிகிரி வடக்கே உள்ள பட்டையில். நாம் நடுக்கோட்டுக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவே இருக்கிறோம். குமிழி நமக்கு நிறையத் தெரியும், ஆனால் ஜிபிஎஸ் அவ்வளவாகத் தடுமாறாது.

கருவியும் எளிது. அலைநீளம் 1.2 மீட்டர் என்பதால், 38 சென்டிமீட்டர் விட்டத்தில் சுற்றிய ஹெலிக்ஸ் ஆண்டெனாவை மாணவர்களே செய்துவிடலாம். அதன் பின்னே ஒரு நல்ல முன்பெருக்கி, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள, கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர். தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞை இறங்கும்போதெல்லாம் ரிசீவரே அதைத் தூக்கிச் சமன்செய்து, நாம் தேடுவதையே அழித்துவிடும்.

பலவீனம் சமிக்ஞையின் மூலத்தில் இருக்கிறது. அது நமக்காக அனுப்பப்படும் சமிக்ஞை இல்லை. இராணுவத் தகவல்தொடர்பு அலைவரிசை. போக்குவரத்து கூடும்போதும் குறையும்போதும் வலிமை தானாகவே மாறும். செயற்கைக்கோளை மாற்றினாலோ நகர்த்தினாலோ நமக்கு யாரும் சொல்லப்போவதில்லை. இராணுவ அலைவரிசையை ஒரு கல்லூரி பதிவு செய்வது பற்றி நிர்வாகம் கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் இதைத் தொடக்கூடாது. ஒரே ஒரு கோட்டில்தான் வானத்தைப் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஎன்எஸ்எஸ் பக்கம் வந்தால் இரண்டு விலைகள். மினுக்கத்துக்கென்றே செய்த ரிசீவர் நொடிக்கு 50 அல்லது 100 முறை பதிவு செய்யும், எஸ்4-ஐத் தானே கணக்கிட்டுத் தரும், விலை பல லட்சம். யூ-பிளாக்ஸ் எஃப்9பி போன்ற இரட்டை அதிர்வெண் பலகை ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்; நொடிக்கு 20 பதிவு வரை போகும். இந்த வகைப் பலகையையும் ராஸ்ப்பெர்ரி பை கணினியையும் சேர்த்து அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக டல்லஸ் வளாகத்தில் ஸ்கின்ட்பை என்ற மலிவான மினுக்கக் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே இது யாரும் செய்யாத பரிசோதனை இல்லை.

மலிவுப் பலகையின் குறையை மறைக்க வேண்டியதில்லை. சமிக்ஞை வலிமையை அது ஒரு டெசிபல் படிகளில்தான் தரும். லேசான மினுக்கம் அந்தப் படிக்குள் ஒளிந்துகொள்ளும். எஸ்4 0.3-ஐத் தாண்டினால் நம்பலாம், அதற்குக் கீழே பேசக்கூடாது. வேகம் போதுமா என்றால், போதும். ஜிபிஎஸ் அலைக்கு மினுக்கத்தை உண்டாக்கும் ஒழுங்கின்மையின் அளவு 350, 400 மீட்டர். அது நொடிக்கு 100 மீட்டரில் கடந்தால் ஒரு ஏற்ற இறக்கத்துக்குச் சில நொடிகள் ஆகும். நொடிக்கு 20 பதிவு அதைத் தாராளமாகப் பிடிக்கும்.

இப்போது அந்தக் கிழக்கு நகர்வுக்கு வருகிறேன். ஒரே இடத்தில் எவ்வளவு நல்ல ரிசீவர் வைத்தாலும், எட்டரை மணிக்கு மினுக்கம் தொடங்கியது என்பதுதான் தெரியும். குமிழி அங்கேயே பிறந்ததா, மேற்கே எங்கோ பிறந்து நகர்ந்து வந்ததா என்று தெரியாது. பழைய வேலூர் மாவட்டத்தை 2019-ல் மூன்றாகப் பிரித்தார்கள். அந்த மூன்றிலும் ஒவ்வோர் இடம் எடுத்துப் பாருங்கள்: திருப்பத்தூர் 78.57, வேலூர் 79.13, அரக்கோணம் 79.67 டிகிரி தீர்க்கரேகை. கிழக்கு மேற்காக அளந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நொடிக்கு 100 மீட்டரில் போகும் குமிழிக்கு அது பத்து நிமிடம். திருப்பத்தூரில் 8:10-க்குத் தொடங்கியது வேலூரில் 8:20-க்கும் அரக்கோணத்தில் 8:30-க்கும் வந்தால் வேகம் கையில் கிடைத்துவிட்டது. மூன்றிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் அது நம் மேலேயே பிறந்தது. குமிழி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால் ஊர்களின் அட்சரேகை சற்று மாறுவது பெரிய தடையில்லை. மேற்கே பெங்களூரு நிலையமும் ஏறக்குறைய வேலூரின் அட்சரேகையிலேயே, 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; அதையும் சேர்த்தால் நான்கு புள்ளிகள். வட ஆற்காடு மண்ணின் இந்தக் கிழக்கு மேற்கு நீளம் நமக்குக் கிடைத்த வசதி. ஒரே இடத்தில் நிற்கும் எந்த விலை உயர்ந்த கருவியும் இதை ஈடுகட்ட முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் நகர்கின்றன, அதனால் அயனி மண்டலத்தில் நாம் பார்க்கும் புள்ளியும் குமிழியின் வேகத்துக்கு ஒப்பாக நகரும். கணக்கில் கழிக்கலாம், ஆனால் நகராத செயற்கைக்கோள் இருந்தால் நிம்மதி. காகன் சமிக்ஞையைச் சுமக்கும் ஜிசாட்-10, 83 டிகிரி கிழக்கில் நிற்கிறது. வேலூரிலிருந்து பார்த்தால் 74 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். 55 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-8 மேற்கே 58 டிகிரி உயரத்தில் தெரியும். இரண்டும் ஜிபிஎஸ்ஸின் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில் இரவும் பகலும் ஒலிபரப்புகின்றன. மலிவுப் பலகையும் அவற்றைப் பிடிக்கும். நேர இடைவெளியை ஜிசாட்டில் பாருங்கள், எலக்ட்ரான் பள்ளத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள்.

என் தேர்வுக்கு எதிரான வலுவான வாதம் சூரியனிடமிருந்து வருகிறது. இப்போதைய சூரியச் சுழற்சியின் உச்சக் காலத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். இனி சில ஆண்டுகளுக்கு இறங்குமுகம். குமிழிகளும் எலக்ட்ரான் அடர்த்தியும் குறையும். ஜிபிஎஸ் அதிர்வெண்ணில் மினுக்கம் பல இரவுகளில் எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது 250 மெகாஹெர்ட்ஸ்தான் பேசும். இதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் ஜிஎன்எஸ்எஸ் முதலில், உடனே என்கிறேன். சூரியன் அடங்குவதற்குள் இரண்டு மூன்று சம இரவுப் பருவங்களைப் பிடித்துவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில், அனுமதி கிடைத்தால், வேலூரில் மட்டும் ஒரு 250 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரைச் சேர்க்கலாம். அப்புறம் பணம் எங்கிருந்தாவது பெரிதாக வந்தால் அயனோசோண்டைப் பற்றிப் பேசுவோம்.

மூன்று பலகை, மூன்று நல்ல ஆண்டெனா, மூன்று சின்னக் கணினி, யுபிஎஸ் எல்லாம் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். ஆண்டெனாவைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தள்ளி, மாடியின் உயரமான மூலையில் வையுங்கள். தொட்டியில் பட்டுத் திரும்பும் அலை மினுக்கம் போலவே தோன்றும். அதைப் பிரித்தறிய ஒரு வழி: ஜிபிஎஸ்ஸில் எதிரொலிப்பு ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே வடிவத்தில் திரும்பி வரும், குமிழி அப்படி வராது. 30 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஆரம்பத்தில் ஒதுக்கிவிடுங்கள். திருப்பத்தூர்ப் பக்கம் ஏலகிரி, ஜவ்வாது மலையடிவாரமாக இடம் எடுத்தால் குரங்குகளுக்கு எட்டாதபடி கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள். மூன்று இடத்துக் கோப்புகளிலும் இந்திய நேரம் வேண்டாம், உலகப் பொது நேரம் மட்டும். எஸ்4-ஐக் கணக்கிட்டுவிட்டு மூலப் பதிவை அழிக்கும் பழக்கமும் வேண்டாம், வட்டு மலிவுதான். ஜூன், ஜூலை மாதங்களில் குமிழி குறைவு என்பதால் அப்போதே மூன்றையும் ஓடவிட்டு, அமைதியான இரவில் ஒவ்வொரு மாடியின் பதிவும் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், செப்டம்பரில் முதல் குமிழி திருப்பத்தூரைத் தொடும்போது அடையாளம் காணச் சிரமம் இருக்காது.